நட்ட முடி கொட்டுகிறதே, டாக்டர்?

முடி மாற்று சிகிச்சைக்கு நாள் குறிக்கும்வரை எல்லோரும் அறுவையைப் பற்றியே கேட்கிறார்கள். வலிக்குமா, எத்தனை மணி நேரம், எத்தனை கிராஃப்ட் (வேர்க்காலோடு எடுத்து நடும் துணுக்கு). செய்து முடித்து வீடு திரும்பியவர்களின் கேள்விகள் வேறு மாதிரி. அவர்களில் பலர் கண்ணாடி முன்னால் நின்று தனியாகப் பயந்துகொண்டிருக்கிறார்கள். இந்த முறை பதில்கள் அவர்களுக்கு.

கேள்வி: 5 வாரம் ஆகிறது. நட்டதில் முக்கால்வாசி கொட்டிவிட்டது. தலை துவட்டினால் துண்டில் முடி. கொட்டிய முடியின் அடியில் வெள்ளையாகப் பொட்டு தெரிகிறது. வேரோடு போய்விட்டதா? (ஆண், 31, ஓசூர்)

பதில்: வேர் போகவில்லை. முடி வேறு, வேர்க்கால் வேறு. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொட்டு ஓய்வுக்குப் போன முடியின் அடிமுனைதான். சாதாரணமாகச் சீப்பில் வரும் முடியிலும் அது இருக்கும், பார்த்திருக்க மாட்டீர்கள்.

நாற்றங்காலில் பிடுங்கிய நாற்றை வயலில் நட்டால், முதலில் பழுத்துச் சோர்ந்து நிற்கும். பிறகுதான் பச்சை பிடிக்கும். இங்கும் அப்படித்தான். பின்மண்டையிலிருந்து எடுக்கும்போது வேர்க்காலுக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. புது இடத்தில் முதல் இரண்டு மூன்று நாட்கள் சுற்றிலும் கசியும் நீரிலிருந்தே பிழைத்திருக்கிறது. அதன்பின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வந்து சேர்கின்றன. இந்த அதிர்ச்சியில் அது வளர்ச்சியை நிறுத்திவிட்டு, இருந்த முடியை உதிர்த்து, ஏறக்குறைய 3 மாதம் ஓய்வெடுக்கிறது. 2-வது வாரத்திலிருந்து 8-வது வாரம் வரை கொட்டுவது வழக்கம். சிலருக்குப் பக்கத்தில் இருந்த பழைய முடியும் சேர்ந்து கொட்டும். அதில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

கிராஃப்டே பிடுங்கிக்கொண்டு வருவது முதல் வாரத்து ஆபத்து. அப்போது சதைத் துணுக்கு வரும், அந்த இடத்தில் ரத்தமும் கசியும். 10 நாள் தாண்டினால் வேர்க்கால் தோலோடு பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு அந்தக் கட்டம் எப்போதோ முடிந்துவிட்டது.

இனி என்ன நடக்கும்? 3, 4-வது மாதத்தில் பூனைமுடி மாதிரி மெல்லியதாக எட்டிப் பார்க்கும். எல்லாம் ஒரே நாளில் கிளம்பாது. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. தான் வளரும். 4-வது மாதம் முளைத்த முடி 8-வது மாதத்தில்கூட 4 செ.மீ. தான் இருக்கும். ஆகவே 6-வது மாதத்தில் பாதிப் பலனைத்தான் பார்ப்பீர்கள். முன்பக்கம் நிறைவாகத் தெரிய ஒரு வருடம், உச்சந்தலைக்கு 15 முதல் 18 மாதம் வரைகூட ஆகலாம். தினமும் கண்ணாடி பார்ப்பதை விடுங்கள். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுங்கள். மாற்றம் அதில்தான் தெரியும்.

கேள்வி: 4-வது நாள். நெற்றி வீங்கி, கண் திறக்க முடியவில்லை. (ஆண், 38, மதுரை)

பதில்: மரத்துப்போகப் போட்ட ஊசி மருந்தின் நீர் கீழே இறங்குகிறது. இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். தலையணையை உயர்த்திச் சாய்ந்து படுங்கள். ஐஸ் ஒத்தடம் நெற்றிக்கு மட்டும், நட்ட இடத்தில் கூடாது. காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எப்போது எண்ணெய் வைத்துக் குளிக்கலாம்? ஹெல்மெட்? (ஆண், 29, திருச்சி)

பதில்: மருத்துவர் சொன்ன நாளிலிருந்து மைல்டு ஷாம்பு நுரையை வைத்து, குவளையால் மெல்ல நீர் ஊற்றுங்கள். ஷவரை வேகமாகத் திறக்காதீர்கள். பக்குகளை நகத்தால் சுரண்டக் கூடாது. 10 நாளுக்குப் பிறகு ஊறவைத்து, விரல் நுனியால் தடவினால் தானாக உதிரும். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ, ஒரு மாதம் போகட்டும். சீயக்காய்த் தூளைப் பரபரவென்று தேய்ப்பதும் அப்படியே. எண்ணெய் தேய்த்தால் வேர்க்கால் சீக்கிரம் விழிக்கும் என்பது உண்மையல்ல. இரண்டு வாரம் பைக்கை விட்டு பஸ்ஸில் போங்கள். ஹெல்மெட் இல்லாமல் பைக் ஓட்டுவதற்கு மட்டும் நான் அனுமதி தரமாட்டேன். சிகரெட் இருந்தால் நிறுத்துங்கள், நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

கேள்வி: சிகிச்சை நல்லபடி முடிந்தால் பழனியில் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டார். போட்டால் முடி வளருமா? (ஆண், 27, திண்டுக்கல்)

பதில்: வளரும். சவரக்கத்தி தோலுக்கு மேலேதான் போகிறது, வேர்க்கால் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆனால் 6 மாதமாவது பொறுங்கள், ஒரு வருடம் என்றால் எனக்கு நிம்மதி. ஆறாத தோலில் கத்தி பட்டால் கிருமி ஏறும். மொட்டையில், பின்மண்டையில் முடி எடுத்த இடத்து வெள்ளைப் புள்ளிகள் தெரியும். தோலைப் பட்டையாக எடுத்திருந்தால் கோடு தெரியும். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்றால், ஒரு மாதம் கழித்துக் கத்தரியால் பூமுடி கொடுத்து வரலாம்.

கேள்வி: 8 மாதம். முன்னால் நன்றாக வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா? (ஆண், 34, சேலம்)

பதில்: இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காமல் பலர் பின்னாளில் வருத்தப்படுகிறார்கள். நட்ட முடி, வழுக்கை எளிதில் தொடாத பின்மண்டையிலிருந்து வந்தது. எங்கே நட்டாலும் அது தன் பூர்வீகக் குணத்தோடு வளரும் என்று 1959-லேயே நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் எழுதினார். அதற்குப் பின்னால் இருக்கும் உங்கள் சொந்த முடிக்கு அந்தக் குணம் இல்லை. வழுக்கைக்குக் காரணமான டிஎச்டி ஹார்மோன் அதை மெலியவைத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் சாப்பிடும் ஃபினாஸ்டெரைடு மாத்திரை அந்த ஹார்மோன் உருவாவதைக் குறைக்கிறது. நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் காத்த முடி போய்விடும். நட்டது முன்னால் தனித் தீவாக நிற்க, பின்னால் வழுக்கை விரியும்.

இந்த மாத்திரையால் சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறைவதும் மனச்சோர்வும் வரலாம். வெட்கப்படாமல் சொல்லுங்கள், மாற்று யோசிக்கலாம். வயதானபின் பிராஸ்டேட்டுக்காக பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை செய்தால் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லியே ஆகவேண்டும், அது அளவைப் பாதியாகக் காட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடக் கூடாது.

கேள்வி: 4-வது மாதம். நட்ட இடத்தில் பரு பருவாக வருகிறது. (ஆண், 30, கோவை)

பதில்: கூட்டமாக, சீழும் வலியுமாக இருந்தால் காட்டுங்கள், களிம்போ மாத்திரையோ தேவைப்படும். ஒன்றிரண்டு மட்டும் என்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்கள், பிதுக்காதீர்கள். வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். பருவின் நடுவே கறுப்பாக ஒரு புள்ளி இருந்தால், தோலை முட்டிக்கொண்டு வெளியே வரப்பார்க்கும் புது முடி அது.