லோடு ஏறினால் திணறும் பிக்கப்: பம்பை இறக்கும் முன் டேங்கைப் பாருங்கள்

கேள்வி: 2008 மாடல் டீசல் பிக்கப், எஞ்சினுக்கு டீசல் தள்ளுவது மெக்கானிக்கல் பம்பு. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. உசிலம்பட்டியில் லோடு ஏற்றித் தேனி போகும்போது ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் இழுவை போய்விடுகிறது. புகையும் இல்லை. பத்து நிமிடம் ஓரங்கட்டினால் பழையபடி ஓடுகிறது. டீசல் ஃபில்டரை இரண்டு முறை மாற்றி, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் சர்வீஸ் செய்தாயிற்று. இப்போது பம்பை இறக்கச் சொல்கிறார்கள். இறக்கலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கேள்வியிலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. காற்று போதாவிட்டால் கரும்புகை கக்கும். புகையே இல்லாமல் இழுவை குறைந்தால், எஞ்சினுக்கு டீசல் போதவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அடுத்தது, நின்றால் சரியாவது. தேய்ந்த பம்பு பத்து நிமிட ஓய்வில் தேறி வருவது அபூர்வம். டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் சல்லடையில் அழுக்கு அடைத்தால் அப்படித்தான் நடக்கும்: ஓட ஓட அழுக்கு இழுபட்டு அப்பிக்கொள்ளும், எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் விட்டு உதிர்ந்துவிடும். தோட்டத்து மோட்டாருக்காக டிரம்மில் வாங்கி வைத்த டீசலை ஊற்றும் வண்டிகளில் துருவும் தண்ணீரும் சேர்ந்து இந்தத் தொல்லை அதிகம்.

டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இதே கதைதான். அடுத்த முறை திணறும்போது ஓரங்கட்டி, உடனே மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போனால் கோளாறு அதுதான். மூடியைக் கழுவினாலே போதும்.

இல்லையென்றால் கேன் சோதனை. 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, கேபினுக்குப் பின்னால் நிமிர்த்திக் கட்டுங்கள். டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து வேறு ஹோஸ் கொடுங்கள். மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸையும் கேனுக்கே திருப்புங்கள்; பலரும் இதை மறந்துவிட்டு, பாதி வழியில் கேன் காலியாகி நிற்பார்கள். ஹேண்ட் பம்பு அடித்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, அதே லோடோடு அதே ஏற்றம் ஏறுங்கள். நன்றாக இழுத்தால் பம்பு பிழைத்தது. டேங்கை இறக்கிக் கழுவி, சல்லடையைச் சுத்தம் செய்து, பழைய ரப்பர் ஹோஸையும் கிளிப்பையும் மாற்றுங்கள். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கத் தனி ஃபீட் பம்பு உள்ள வண்டியானால் அதையும் பாருங்கள். கேன் உயரத்தில் இருப்பதால் அதன் பலவீனம் மறைந்திருக்கலாம்.

ஹோஸில் கசிவே தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அது உறிஞ்சும் பக்கம். வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே சொட்டாது. கொத்தனார் லெவல் பார்க்கும் கண்ணாடி டியூபில் ஒரு முழம் வாங்கி, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே மாட்டிப் பாருங்கள். ஃபில்டர் மாற்றிய கையோடு நாலு குமிழி வரும், அது சகஜம். சூடான பிறகும் விடாமல் குமிழி ஓடினால் ஏர் எடுக்கிறது. சோதனை முடிந்ததும் டியூபைக் கழற்றிவிடுங்கள், டீசலில் ஊறினால் விறைத்துப்போகும்.

காசில்லாத சோதனைகள் இரண்டு உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவரை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, பம்பு லிவர் அதன் கடைசி எல்லையான ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடுகிறதா என்று பாருங்கள். கேபிள் நீண்டிருந்தால் தொடாது. வண்டி ஓடி நின்றதும் நாலு வீலின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்த வீல் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது.

கேனிலும் திணறி, குமிழியும் இல்லை, லிவரும் பிரேக்கும் சரி என்றால் அப்போது பம்பை இறக்கி, டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடையில் காலிபரேஷனுக்கு, அதாவது டீசல் அளவைச் சோதித்துச் சரிசெய்ய, கொடுங்கள்.