டர்பன் – சென்னை: அம்மாவுக்கு 20 மணி நேரப் பயணமா?

வணக்கம். டர்பனில் மாலை 7 மணிக்குக் கிளம்பி மறுநாள் மதியம் 3 மணிக்குத்தான் சென்னை, 20 மணி நேரத்தை 70 வயது அம்மா தாங்குவாரா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சென்னைக் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் பதினாறரை மணிதான்.

நேர்கோட்டில் சுமார் 7,000 கிலோமீட்டர். நேரடி விமானம் இல்லாததால் துபாய் சுற்றிப் போகும்போது 9,500 ஆகிறது. துபாய் வரை ஏறக்குறைய எட்டரை மணி, அப்புறம் நான்கு. நடுவில் உள்ள நான்கு மணிக் காத்திருப்பைக் குறைக்காதீர்கள், அம்மா கால் நீட்டி உட்காரட்டும். சக்கர நாற்காலிக்கு இப்போதே சொல்லி வையுங்கள். என் அம்மாவுக்கு அதுதான் பெரிய உதவியாக இருந்தது. மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும்.