இத்தாலி போகிறீர்களா? கேளுங்கள்

ரோமில்தான் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றியே இந்த நாடு எனக்குப் பழகிவிட்டது. ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் பற்றிக் கேளுங்கள். விசா பற்றி வேண்டாம்.

திருச்சி வாசகி: அக்கா, ரோமுக்கு இரண்டு நாள் போதுமா? எதையெல்லாம் முன்பதிவு செய்ய வேண்டும்?

மூன்று நாளாக்கப் பாருங்கள். பதிவு செய்ய வேண்டியவை இரண்டுதான்: கொலோசியம், வாட்டிகன் அருங்காட்சியகம். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். வாட்டிகன் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்றைக்கு வரிசையைப் பார்த்தாலே திரும்பிவிடத் தோன்றும். புனித பேதுரு பேராலயத்துக்குக் கட்டணமில்லை, ஆனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

பாந்தியன் கோயிலை மட்டும் அவசரமாகப் பார்க்காதீர்கள். 2023 முதல் 5 யூரோ கட்டணம். குவிமாடத்தின் உச்சியில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்துக்கு வட்டமான திறப்பு, கண்ணாடி கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் நேராக உள்ளே விழும். நடுவில் நின்று தரையைப் பாருங்கள்: பளிங்கில் சின்னச் சின்னத் துளைகள், தரையும் லேசான சரிவு. தண்ணீர் அவற்றின் வழியே வடிந்துவிடும். மழை வந்தால் எல்லோரும் ஹோட்டலுக்கு ஓடுவார்கள், நீங்கள் பாந்தியனுக்கு ஓடுங்கள்.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். தெருவெங்கும் 'நாசோனே' என்கிற இரும்புக் குழாய்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், குடிக்கிற தண்ணீர்தான். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் வளைந்து பீய்ச்சும், குனியாமலே குடிக்கலாம்.

அப்புறம், பஸ்ஸில் ஏறியதும் காகித டிக்கெட்டை மெஷினில் முத்திரை குத்துங்கள். கையில் டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டியவர்கள் ஏராளம்.

சேலம் வாசகர்: ஷெங்கன் விசாவுக்கு வங்கியில் எவ்வளவு இருப்பு காட்ட வேண்டும்?

விசா மையத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

மதுரை வாசகர்: நாங்கள் சுத்த சைவம்மா. சின்ன ரைஸ் குக்கர் கொண்டுவரலாமா?

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை ஐயா. மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகனோ, எண்ணெய், அவ்வளவுதான், சீஸே கிடையாது. பூண்டும் எண்ணெயும் போட்ட பாஸ்தா எங்கும் கிடைக்கும். பார்மிஜானோ சீஸ் மட்டும் கவனம்: கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளை ஊற்றித்தான் பாலை உறைய வைக்கிறார்கள். சூப்பில் இறைச்சி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹோட்டல் அறையில் குக்கர் வேண்டாம். நம்மூர் மூன்று முனை பிளக் இங்கே சாக்கெட்டில் நுழையாது. அடாப்டர் போட்டாலும் ஆவியில் அலாரம் அடித்தால் யார் பதில் சொல்வது? சமையலறை உள்ள வாடகை வீடு எடுங்கள்.

நெய்வேலி வாசகர்: நாங்கள் அறையிலேயே சமைத்தோம், ஒன்றும் ஆகவில்லையே.

அலாரம் அடிக்காதது உங்கள் அதிர்ஷ்டம்.

சென்னை வாசகர்: ரோமுக்குப் போயும் புளிசாதமா? அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாமே!

ஈரோடு வாசகி: அம்மாவுக்கு எழுபது வயது, சர்க்கரை வேறு. நேரத்துக்குப் பழகின சாப்பாடு இல்லாவிட்டால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். பேசுவது சுலபம் சார்.

சென்னை வாசகர்: பெரியவர்களைச் சொல்லவில்லை. முப்பது வயதுக்காரர்கள் ஊறுகாய் பாட்டிலோடு அலைகிறார்களே, அதைச் சொன்னேன்.

சரி, சரி. நான் ஈரோட்டு அம்மா பக்கம். நாக்குக்காக ஊர் சுற்றுகிறவர்கள் சுற்றட்டும். ஓவியம் பார்க்க வந்தவர் என்ன சாப்பிட்டால் நமக்கென்ன? ஆனால் பெட்டியில் என்ன வைக்கிறீர்கள் என்பது முக்கியம். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது. நெய், பனீர், பால்மா எல்லாம் அதில் சேரும். குழந்தைகளுக்கான பால்மா போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், பேரீச்சைக்கு அது வேண்டியதில்லை.

மதுரை வாசகர்: தேங்காய் நிஜமாகவா?

நிஜமாகத்தான். துருவியை மறந்துவிடாதீர்கள்!

கோவை வாசகர்: வெனிஸில் கொண்டோலா எவ்வளவு?

பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவு ஏழுக்கு மேல் 110. இது படகுக்கு, ஆளுக்கு இல்லை. ஐந்து பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். சும்மா உட்கார்ந்து பார்க்க ஆசை என்றால், பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கும் 'டிராகெட்டோ' படகுக்கு 2 யூரோதான், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மாளிகைகளைப் பார்க்க 1ஆம் எண் படகு பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள். சக்கரப் பெட்டி சின்னதாக இருக்கட்டும். ஒவ்வொரு பாலத்திலும் படி.

தஞ்சாவூர் வாசகர்: கொண்டோலா ஆளுக்கு 90ஆ?

படகுக்கு. மேலே படியுங்கள்.

பாளையங்கோட்டை வாசகர்: வீரமாமுனிவர் பிறந்த ஊருக்குப் போக முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1680இல் அவர் பிறந்தது காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிறிய ஊர், கார்தா ஏரிக்குத் தெற்கே. மிலான்–வெனிஸ் ரயிலில் தெசென்சானோவில் இறங்கினால் பக்கம்தான். 1859இல் சோல்ஃபெரினோ போரில் காயம்பட்டவர்களை இந்த ஊர் மாதாகோவிலில் கிடத்தி, ஊர்ப் பெண்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். அங்கே உதவிக்கு நின்ற ஹென்றி துனான்ட்டின் அனுபவத்திலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. அதற்கு அருங்காட்சியகம் உண்டு. தேம்பாவணி படித்தவர்கள் ஒரு பகல் ஒதுக்கலாம். வட்டார ரயில் என்றால் காகித டிக்கெட்டில் முத்திரை, ஞாபகம் இருக்கட்டும்.

வேலூர் வாசகி: கேட்கவே கூச்சமாக இருக்கிறது அக்கா. டாய்லெட்டில் தண்ணீர்…?

கூச்சம் எதற்கு? ஐரோப்பாவில் இத்தாலி நமக்குத் தோதான நாடு. 1975 அரசாணைப்படி வீட்டில் ஒரு குளியலறையிலாவது 'பிடே', அதாவது உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் தொட்டி, இருக்க வேண்டும்; ஹோட்டல்களிலும் பெரும்பாலும் உண்டு. ரயில் நிலையத்தில் கிடையாது, சில்லறையும் கேட்பார்கள்.

நாகர்கோவில் வாசகர்: பிளாரன்ஸில் தாவீது சிலை வெளியிலேயே நிற்கிறதே, உள்ளே எதற்குக் காசு?

வெளியே நிற்பது 1910இல் வைத்த நகல். மைக்கேலாஞ்சலோ செதுக்கியது அக்காதெமியா அருங்காட்சியகத்தில். வலது கையில் புடைத்த நரம்பைப் பார்த்துவிட்டு அப்புறம் காசு பற்றிச் சொல்லுங்கள். திங்கள் விடுமுறை.

கரூர் வாசகர்: விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

அடுத்த கேள்வி.

ஓசூர் வாசகர்: குழந்தைகளுக்கு மே மாதம் தேர்வு, ஆகஸ்டில் வரலாமா?

ரோமில் நல்ல வெயில். 15ஆம் தேதி பெரிய விடுமுறை; அதைச் சுற்றிப் பல குடும்பக் கடைகளும் உணவகங்களும் மூடிக் கிடக்கும். அக்டோபர் விடுமுறை கிடைக்குமா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.