பழைய அவுட்லுக் நின்றுபோனால் பழைய மெயில்களும் போய்விடுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். விண்டோஸ் 7, அவுட்லுக் 2007. ஜிமெயில் ஐடி சில வருஷம் முன்பே அதில் நின்றுவிட்டது, போனில் பார்த்துக்கொள்கிறோம். இப்போது ஃபேக்டரி பெயரில் உள்ள டொமைன் மெயிலும் வரவில்லை, செர்வருடன் தொடர்பு இல்லை என்கிறது. 2010 முதல் வந்த ஏலக் கடிதங்கள், புரோக்கர் கணக்குகள் எல்லாம் இதில்தான், 14 ஜிபி இருக்கிறது. கடைக்காரர் ‘கன்வர்ட்’ செய்து தர 16,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி விலை பேசுகிறார். புது மெயில் வராதது ஒன்று. பழைய மெயில்களைப் புதுச் சிஸ்டத்துக்குக் கொண்டுபோவது இன்னொன்று.

வெறும் பாஸ்வேர்டை வைத்து உள்ளே வரும் பழைய புரோகிராம்களைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் கூகுள் 2022 மே 30-லிருந்து நிறுத்திவிட்டது. உங்கள் ஜிமெயில் அதில்தான் போயிருக்கும். டொமைன் மெயில் கதை வேறு. செர்வர்கள் பழைய பூட்டை மாற்றி டிஎல்எஸ் 1.2 என்ற புதுப் பூட்டுக்கு வந்துவிட்டன. விண்டோஸ் 7-இல் அந்தச் சாவி இருந்தும் தானாக எடுத்துக் கொடுக்காது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) இரண்டு வரி சேர்த்தால் ஓடக்கூடும், கடைக்காரருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் அவுட்லுக் 2007-க்கு ஆதரவு 2017-இலும் விண்டோஸ் 7-க்கு 2020-இலும் முடிந்தாயிற்று. ஒட்டுப் போட்டு ஓட்டும் காலம் இல்லை இது.

மெயில்கள் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பிஎஸ்டி என்ற ஒரே ஃபைலில் கிடக்கின்றன. பாப் என்ற முறையில் (மெயிலைச் செர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்வது) இறக்கியிருந்தால் செர்வரில் பெரும்பாலும் நகல் இருக்காது, அந்த ஃபைல்தான் எல்லாம். அதனால் முதல் வேலை காப்பி. அவுட்லுக்கில் ஃபைல் மெனு, டேட்டா ஃபைல் மேனேஜ்மென்ட், ஓபன் ஃபோல்டர் என்று போனால் அது இருக்கும் இடம் திறக்கும். அவுட்லுக்கை மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், ஓடினால் காப்பி ஆகாது. பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32-இல் இருக்கும். அது 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது. இடம் இருந்தும் ‘ஃபைல் பெரிது’ என்று அடம்பிடிக்கும். என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்த வெளி ஹார்டு டிஸ்க் எடுங்கள். இரண்டு டிஸ்க், இரண்டு காப்பி. இலை வாட்டும் விதரிங் ஃபேன்கள் ஓடத் தொடங்கி வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் வேண்டாம், யூபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள்.

அவுட்லுக்குக்கு மாற்றாக தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராம் போதும். இலவசம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: அவுட்லுக் மெயிலை தண்டர்பேர்ட் தானாகப் படிப்பதில்லை, அவுட்லுக்கிடம் கேட்டு வாங்குகிறது. ஆகவே இம்போர்ட்டைப் பழைய கம்ப்யூட்டரிலேயே, அவுட்லுக் இருக்கும்போதே செய்ய வேண்டும். விண்டோஸ் 7-க்குக் கடைசியாக வந்தது தண்டர்பேர்ட் 115. அவுட்லுக் 2007 முழுக்க 32-பிட் என்பதால் தண்டர்பேர்டும் 32-பிட்டாகவே இருக்க வேண்டும். 64-பிட் போட்டால் இரண்டும் பேசிக்கொள்ளாது. ‘டிஃபால்ட் மெயில் புரோகிராம்’ அவுட்லுக்காகவே இருக்கட்டும், தண்டர்பேர்ட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இம்போர்ட்டுக்கு முன்னால் இன்பாக்ஸை வருஷவாரியாக ஃபோல்டர்களில் பிரித்துவிடுங்கள். ஒரு ஃபோல்டர் 4 ஜிபியைத் தாண்டாமல் இருந்தால் பின்னால் தலைவலி குறையும். ஏதாவது ஒரு மெயில் கெட்டிருந்தால் இம்போர்ட் பாதியில் நிற்கும். அப்போது ஆபீஸ்12 ஃபோல்டரில் உள்ள ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவியை ஓட்டுங்கள், பிழை இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப. இரண்டு காப்பி கையில் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். 14 ஜிபிக்கு ஒரு ராத்திரி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஒவ்வொரு ஃபோல்டரிலும் அவுட்லுக்கில் எத்தனை மெயில், இங்கே எத்தனை என்று தாளில் எழுதி ஒப்பிடுங்கள்.

பிறகு தண்டர்பேர்ட் புரொஃபைலுக்குள் (அது மெயில்களைச் சேமிக்கும் ஃபோல்டர்) ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ இருக்கும். அதில் உள்ளவற்றை அப்படியே புதுக் கம்ப்யூட்டரின் அதே இடத்தில் போட்டால் முடிந்தது. எக்ஸ்போர்ட் பட்டனை நம்பாதீர்கள், 2 ஜிபிக்கு மேல் அது உதவாது. ஜிமெயில் ஐடியைப் புது தண்டர்பேர்டில் சேர்த்தால் கூகுளின் லாகின் பக்கமே திறக்கும். டொமைன் மெயிலுக்கு ஐமேப் (மெயிலைச் செர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை), போர்ட் 993. அனுப்ப 465 அல்லது 587.

எல்லாவற்றையும் ஜிமெயிலில் ஏற்றிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பிதான் ஏற்ற முடியும். உங்கள் 14 ஜிபிக்கு நான்கு வாரம். அதுவும் இலவசக் கணக்கின் மொத்த இடமே 15 ஜிபி.

பழைய தமிழ் மெயில்களில் ஒரு தனிச் சங்கதி உண்டு, இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். யூனிகோடு பழகும் முன் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய கடிதங்கள் புதுக் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பைபோலத் தெரியும். மெயில் கெட்டுப்போகவில்லை. பாமினியில் தமிழ் எழுத்து என்று எதுவும் சேமிக்கப்படுவதில்லை, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போடுவது அந்த எழுத்துருதான். பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்துப் புதியதில் நிறுவுங்கள், பேக்கப் டிஸ்கிலும் ஒன்று போட்டுவையுங்கள். மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன் என்பவரை அண்ட விடாதீர்கள். அதே மெயிலில் ஆங்கிலத்தில் இருக்கும் லாட் எண், கிரேடு, வாங்குபவர் பெயர் எல்லாம் தமிழ் என்று நினைத்து அந்த மென்பொருள் உருமாற்றிவிடும். பிறகு எந்த லாட் எந்த விலைக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. தேவைப்படும் கடிதத்தை மட்டும், தேவைப்படும்போது, தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி உண்மையான ஆபத்து. மெயிலை நீங்கள் இழக்கப்போவதில்லை, இழந்தால் டொமைனைத்தான். அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? சிறு ஊர்களில் வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே வாங்கி வைத்திருப்பது சர்வசாதாரணம். ஒரே சோதனை: ரெனியூவல் மெயில் யாருடைய ஐடிக்கு வருகிறது? ஃபேக்டரிக்கு வரவில்லை, ரிஜிஸ்ட்ராரின் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) லாகினும் உங்களிடம் இல்லை என்றால், 16,000 ரூபாய் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால், டொமைனை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றத் தேவையான ஆத் கோடையாவது எழுத்தில் கேளுங்கள். புதிதாகப் பதிந்த டொமைனையும் அண்மையில் மாற்றிய டொமைனையும் 60 நாளுக்கு மாற்ற முடியாமல் பூட்டி வைப்பது வழக்கம். ‘இன்றே மாற்றியாக வேண்டும்’ என்று அவசரப்படுத்துகிறவர் உங்கள் நன்மைக்காகப் பேசவில்லை. டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் நேம் செர்வரைத் தொடும் முன், மெயில் எந்தச் செர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டுகள் இப்போது எப்படி உள்ளன என்று குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் வரும் மெயில் எங்கோ போய்விழும்.

எனிடெஸ்க்கில் (தூரத்திலிருந்தே பிறர் கம்ப்யூட்டரை இயக்க விடும் புரோகிராம்) சிஸ்டத்தைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ‘லைஃப்டைம் ஆபீஸ் கீ’ சில நூறு ரூபாய்க்கு என்றால் அது திருட்டுச் சரக்கு. விண்டோஸ் 10 போட்ட செகண்ட்ஹேண்ட் மெஷினைத் தலையில் கட்டினாலும் வாங்காதீர்கள், அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. புது மெஷினில் தானாக வரும் ‘அவுட்லுக்’கும் உங்கள் பழைய அவுட்லுக்கும் ஒன்றல்ல. ஒரே பெயரை இரண்டு புரோகிராமுக்கு வைத்து ஊரையே குழப்பியிருக்கிறது மைக்ரோசாஃப்ட். புதியதில் மற்ற நிறுவனத்து ஐடியைச் சேர்த்தால் மெயில்கள் மைக்ரோசாஃப்ட் செர்வருக்கும் ஒரு நகல் போகும். ‘ஓகே’ அழுத்தும் முன் முதலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கம்ப்யூட்டரை இந்த மார்ச் கணக்கு முடியும்வரை ஸ்கிராப்புக்குப் போட வேண்டாம். நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, மழை ஒழுகாத மூலையில் வையுங்கள்.