ரைன் நதியில் கோட்டை பார்க்கும் படகு: கேள்வி பதில்

ஜெர்மனியில் ரைன் படகுப் பயணம் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அம்மா, அப்பா மதுரையிலிருந்து வர்றாங்க. ஒரே நாள்தான் இருக்கு. எங்கே ஏறி எங்கே இறங்கலாம்?

பிங்கனில் ஏறுங்கள், சாங்க்ட் கோவாரில் இறங்குங்கள். யுனெஸ்கோ 2002இல் உலகப் பாரம்பரியமாக அறிவித்த பள்ளத்தாக்கு பிங்கன், ரூடெஸ்ஹைம் பக்கத்தில் தொடங்கி கோப்லென்ஸ் வரை சுமார் 65 கி.மீ. நீள்கிறது. காசு கொடுத்தாச்சே என்று மொத்தத்தையும் படகிலேயே பார்க்கக் கிளம்பினால் பாதி வழியில் பெரியவர்கள் கண்ணயர்ந்துவிடுவார்கள். கோட்டைகள் அடுத்தடுத்து வருவது இந்த முதல் பாதியில்தான்.

திசையும் முக்கியம். ஆறு இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. ஓட்டத்தோடு போனால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதே தூரத்துக்கு எதிரோட்டத்தில் இரண்டரை மணி நேரம்கூட ஆகும். அதனால் போக படகு, வர ரயில். ரயிலும் கரையை ஒட்டியே வருவதால் விட்டுப்போன கோட்டையை ஜன்னல் வழியே இன்னொரு தடவை பார்க்கலாம். ஒரு விஷயம்: பிங்கனில் இரண்டு ரயில் நிலையங்கள். படகுத்துறைக்குப் பக்கம் 'பிங்கன் ஸ்டாட்'. பெரிய நிலையத்தில் இறங்கினால் நல்ல நடை இருக்கிறது.

கேள்வி: எந்தப் பக்கம் உட்கார்ந்தா கோட்டை நல்லா தெரியும்?

மேல்தளத்தில், எழுந்து நடமாட வசதியான இடத்தில். ரைன்ஸ்டைன், சோனெக், பாக்கராக் ஊருக்கு மேலே இருக்கும் ஸ்டாலெக் எல்லாம் இடது கரை. ஏரன்ஃபெல்ஸ், குட்டன்ஃபெல்ஸ், லோரலை பாறை வலது கரை. கௌப் ஊருக்கு எதிரே ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன் கோட்டை நட்டாற்றிலேயே நிற்கும். மே மாதமானாலும் காற்று சில்லென்று அடிக்கும், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

கேள்வி: அந்த இடத்துல மட்டும் ஏன் இத்தனை கோட்டை?

பெரும்பாலும் சுங்கம்தான். மலைக்கு நடுவில் ஆறு குறுகும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, போகிற சரக்குப் படகையெல்லாம் நிறுத்தி வசூல் செய்தார்கள். நட்டாற்றுக் கோட்டையைக் கட்டத் தொடங்கியது 1326 வாக்கில், அதுவும் இந்த வசூலுக்குத்தான். பிறகு 1689இல் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னரின் படைகள் பலவற்றைத் தகர்த்தன. இன்று முழுசாகத் தெரிபவற்றில் பல 19ஆம் நூற்றாண்டில் எடுத்துக் கட்டியவை. அப்படி இடிபடாமல் தப்பிய மலைக்கோட்டை வேண்டுமென்றால் கோப்லென்ஸுக்குச் சற்று முன்னால் பிரவ்பாக்கில் உள்ள மார்க்ஸ்பர்கைப் பாருங்கள்.

சாங்க்ட் கோவாரில் இறங்காமல் அடுத்து வரும் போப்பார்ட் ஊர் வரை போகிறவர்களுக்கு இன்னொன்று. வலது கரையில் ஸ்டெர்ரென்பெர்க், லீபன்ஸ்டைன் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோட்டைகள், நடுவே தடித்த மதில். அண்ணன் தம்பி சண்டையில் எழுந்த சுவர் என்று கதை சொல்வார்கள். பங்காளித் தகராறு எந்த ஊரில்தான் இல்லை!

கேள்வி: லோரலை பார்த்தே ஆகணுமா? வெறும் பாறைன்னு சிலர் சொல்றாங்களே?

பாறைதான், 132 மீட்டர் உயரம். தலைசீவும் பெண் பாடிப் படகோட்டிகளை மயக்கிக் கவிழ்த்தாள் என்ற கதையை 1824இல் ஹைன்ரிக் ஹைன கவிதையாக்கினார். படகு அங்கே திரும்பும்போது ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வரும், எல்லோரும் போனைத் தூக்குவார்கள், இரண்டே நிமிடத்தில் தாண்டிவிடும்.

நான் சொல்வது, அந்த நேரம் தண்ணீரைப் பாருங்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. எதிரே கப்பல் வருவதைச் சொல்ல கரையில் விளக்கு சிக்னல் வைத்திருக்கிறார்கள். ஓட்டத்தை எதிர்த்து முக்கி முனகி ஏறிவரும் சரக்குக் கப்பல்களின் பின்தளத்தில் மாலுமியின் கார் நிற்கும், சிலவற்றில் துணிகூடக் காயும். குடும்பத்தோடு அதிலேயே வாழ்கிறவர்களும் உண்டு.

கேள்வி: தண்ணி வத்தினா படகு ஓடுமா?

வறண்ட வருடத்தில் சில துறைகளில் நிற்காமல் போகலாம். செய்தியில் கௌப் அளவுகோல் என்று ஓர் எண் சொல்வார்கள், கௌப் ஊரில் அளக்கும் ஆற்று நீர்மட்டம் அது. 2018 அக்டோபரில் அது 25 செ.மீ. வரை இறங்கியது. அதைக் கேட்டு முழங்காலளவுத் தண்ணீர்தான் என்று நினைக்க வேண்டாம். கப்பல் போகும் தடத்தில் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல் ஆழம் இருக்கும். வெள்ளம் வந்தால்தான் மொத்தப் போக்குவரத்தையும் நிறுத்துவார்கள்.

கேள்வி: சுத்த சைவம். படகுல என்ன கிடைக்கும்?

கேக், காபிக்குக் குறையில்லை. உருளைக்கிழங்கு சூப்பில் தொத்திறைச்சித் துண்டு கிடக்கலாம், ஃப்ளாம்குகன் என்ற மெல்லிய பீட்சா மாதிரி ரொட்டியில் வழக்கமாகப் பன்றிக்கொழுப்பு இருக்கும், கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற சீஸ் நூடுல்ஸில் முட்டை உண்டு. கேட்டு வாங்குங்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போய் பாக்கராக் ஆற்றோரப் பெஞ்சில் சாப்பிடுவது என் கட்சி.

கேள்வி: டிசம்பர்ல போகலாமா?

வழக்கமான படகுகள் ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் ரயிலிலேயே பாருங்கள்.

கேள்வி: தப்பான கரையில இறங்கிட்டா?

மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவில் இந்தப் பள்ளத்தாக்கில் பாலமே கிடையாது. சாங்க்ட் கோவாருக்கு எதிரே இருப்பது சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசன், பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். இரண்டுக்கும் நடுவே கார் ஏற்றும் ஃபெர்ரி ஓடுகிறது. கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்று துறையிலேயே எழுதி வைத்திருப்பார்கள், முதலில் அதைப் பார்த்துவிட்டு ஊர் சுற்றப் போங்கள்.