வாவியின் வாய் திறந்த திகதி

அன்புள்ள மேடம்,

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் விரிவுரையாளர். கண்டல் மரங்களில் வேலை செய்கிறேன். ஊர் களுவாஞ்சிக்குடி. நீங்கள் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் கல்விப் பரிமாற்றத்தில் அமெரிக்காவின் மடிசனுக்குப் போய் ஒன்பது மாதம் படிப்பித்தும் ஆய்வு செய்தும் வந்ததைப் பற்றி முன்பு நாலு வரி எழுதியிருந்தீர்கள். நானும் விண்ணப்பிக்க யோசிக்கிறேன், மூன்று விடயம் தடுக்கிறது. அங்கே பெரிய ஆய்வுகூடங்களில் பழகிவிட்டு வந்து இங்கே எதைச் செய்வது? ஒரு நல்ல நுண்ணோக்கிக்கே வருசக்கணக்காகக் காத்திருக்கிறோம். அடுத்தது என் இங்கிலீசு. மூன்றாவது அம்மா. அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. போனவள் திரும்பி வரமாட்டாள் என்று சொந்தக்காரர் இப்போதே பேசுகிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள், போய் வந்ததில் உங்களுக்கு என்ன கிடைத்தது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

தங்கச்சி என்று எழுதலாம்தானே? மேடம் என்று கூப்பிட்டால் எனக்குப் பதில் எழுதக் கை வராது.

உங்கள் முதல் கேள்வியோடுதான் நானும் விமானம் ஏறினேன். எங்கள் மட்டக்களப்பு வாவியின் உப்புத்தன்மை பற்றிக் கொஞ்சம் வேலை செய்திருந்தேன். நல்ல கருவிகளில் கை பழகிக்கொண்டு வருவது என்பதுதான் திட்டம். மடிசன் இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர். மட்டக்களப்பில் பிறந்தவளுக்கு அது புதினமில்லை, எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் தண்ணீர்தான். பல்கலைக்கழகம் மெண்டோட்டா ஏரியின் தென்கரையில் இருக்கிறது. வட அமெரிக்காவில் ஏரிகளைப் பற்றிய படிப்பு வேர் பிடித்தது அந்தக் கரையில்தான். எட்வர்ட் பர்ஜ் என்ற வாத்தியார் 1870களில் அங்கே வந்து, ஏரியில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பார்க்கத் தொடங்கினார்.

கருவிகள் இருந்தன, பழகினேன். அவற்றில் பாதி இங்கே இல்லை. அந்த அளவில் உங்கள் பயம் சரி. ஆனால் இன்றைக்கும் என் மண்டைக்குள் இருப்பது அங்கே பார்த்த ஒரு பட்டியல். மெண்டோட்டா உறைந்த திகதியையும் உருகிய திகதியையும் 1850களிலிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஏரி உறைந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்வது? பிக்னிக் பொயின்ற் என்ற முனையிலிருந்து எதிர்ப்பக்கம் மேப்பிள் பிளஃப் வரை ஒரு தோணி போக முடியுமா என்று பார்ப்பார்களாம். பர்ஜும் அவருடைய கூட்டாளி ஜூடேயும் எதிர்க்கரைச் சிநேகிதருக்குத் தோணியில் பியர்ப் பெட்டி கொண்டுபோன காலத்து வழக்கம் என்று கதை சொல்கிறார்கள். எதுவோ, ஒரு தோணியும் ஒரு கலண்டரும் போதும். அந்தத் திகதிகளை அடுக்கிப் பார்த்துத்தான், ஏரி பனிக்கட்டி மூடிக் கிடக்கும் காலம் அப்போதையைவிட ஏறக்குறைய ஒரு மாதம் குறைந்துவிட்டது என்று இன்று சொல்கிறார்கள்.

ஒரு நாள் வகுப்பில் மட்டக்களப்பு வாவியைப் பற்றிப் பேசினேன். நீளம் 56 கிலோமீட்டர். கடலோடு சேரும் வாய் இரண்டு, பாலமீன்மடுவில் ஒன்று, கல்லாற்றில் ஒன்று. வெயில் காலத்தில் மண் மேடு கட்டி வாய் அடைபடும். மாரியில் வெள்ளம் உடைக்கும், இல்லாவிட்டால் வெட்டி விடுவார்கள். கல்லடிப் பாலத்துப் பாடும் மீனையும் சொன்னேன், சொல்லாமல் விட்டால் ஊர் மன்னிக்காது. பின்வாங்கில் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பொடியன் கையை உயர்த்தினான். (அங்கே வகுப்பில் சாப்பிடுவார்கள். முதல் கிழமை எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் நானும் கோப்பியோடு போகத் தொடங்கினேன்.) வாய் வருசத்தில் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று கேட்டான். வருசத்துக்கு வருசம் மாறும் என்றேன். சரி, எந்த வருசத்திலிருந்து கணக்கு இருக்கிறது என்றான்.

என்னிடம் பதில் இல்லை. அந்த வாவிக்கரையில் பிறந்து, அதைப் பற்றியே கட்டுரை எழுதிப் பதவி உயர்வும் வாங்கியவள் நான். உப்பு, ஆழம், வெப்பம் எல்லாம் என் கட்டுரைகளில் தசமப் புள்ளியோடு இருக்கும். வாய் திறந்த நாள் ஒன்றிலும் இல்லை. வாய் எப்போது திறந்தது என்று தெரியாமல் உப்பை அளந்து என்ன பிரயோசனம்? தெரியாது என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பொடியன் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டான், அதுதான் குத்தியது.

ஊருக்கு வந்த மாதமே பாலமீன்மடுவில் அத்தாங்கு போடுகிற ஒரு மாமாவிடம் போனேன். எழுபது தாண்டியவர். அவரிடம் திகதி இல்லை, ஆனால் கணக்கு இருக்கிறது. 1978 கார்த்திகைச் சூறாவளி, 2011 தை வெள்ளம் போன்றவை அவருக்கு எல்லைக்கல். மற்றதெல்லாம் கோயில்களோடு சேர்த்துத்தான். “அந்த வருசம் கண்ணகை அம்மன் சடங்குக்கு முந்தியே வாய் அடைச்சிட்டு. மாமாங்கத் தீர்த்தத்துக்கும் தொறக்கல்ல. மறுகா ஐப்பசி மழைக்குத்தான் வெட்டின.” வைகாசிச் சடங்கும் ஆடி அமாவாசைத் தீர்த்தமும் எந்த நாளில் வந்தன என்று பழைய பஞ்சாங்கத்தில் பார்க்கலாம்தானே! இப்படி ஐந்தாறு பேரிடம் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு உரசிப் பார்த்து, இருபதுக்கு மேற்பட்ட வருசங்களின் கணக்கை எழுதிவிட்டேன். வயல்காரரிடமும் கேட்க வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. வயலில் தண்ணீர் நின்றால் வாயை வெட்டச் சொல்லிக் கச்சேரிக்கு (மாவட்ட அரசாங்கக் கந்தோர்) போகிறவர்கள் அவர்கள், வெட்டிய நாள் அவர்களுக்குத்தான் நன்றாக ஞாபகம். சண்டைக் காலத்தில் கரைக்கே போக ஏலாமல் இருந்த மாதங்களை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

இதற்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை. அமெரிக்கா போகாமலே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம். ஆனால் பத்து வருசமாக நான் செய்யவில்லையே.

இங்கிலீசைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. முதல் மாதம் என் பேச்சு மாணவர்களுக்குப் பிடிபடவில்லை, பயத்தில் வேகமாகப் பேசியதுதான் காரணம். எங்கள் பேச்சு இழுவை என்று வெளியூரார் சொல்வார்களே, அந்த இழுவையை இங்கிலீசிலும் கொண்டுவந்தேன், சரியாகிவிட்டது. அதைவிட விடுமுறைக் கடிதம்தான் பெரிய பாடு. என்னுடையது ஒரு கந்தோர் மேசையில் ஏழு கிழமை தூங்கியது. நீங்கள் கெதியாகத் தொடங்குங்கள்.

திரும்பி வராத கதைக்கு வருகிறேன். இந்தப் பரிமாற்றத்துக்குத் தருவது ஜே-1 விசா. அதில் போகிற ஃபுல்பிரைட்காரர் சொந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருசம் இருந்த பிறகுதான் அங்கே குடியேற விண்ணப்பிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. இந்தத் திட்டமே 1946இல், வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த அமெரிக்கப் போர்ச் சாமான்களை விற்ற காசில் தொடங்கியது. போரில் மிஞ்சியதை விற்று வாத்தியார்மாரை அனுப்பலாம் என்று எங்கள் நாட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சொந்தக்காரருக்கு விசாச் சட்டம் விளங்காவிட்டால் விபுலாநந்த அடிகளைச் சொல்லுங்கள். காரைதீவில் பிறந்தவர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராகப் போனார், பிறகு இமயமலை மாயாவதியில் இருந்து பத்திரிகை நடத்தினார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். சமாதி கல்லடியில். அவர் பெயரைச் சொன்னால் எதிர்த்துப் பேச எங்கள் பக்கம் யாருக்கும் துணிவு வராது.

அம்மா விடயத்தில் நான் புத்தி சொல்ல ஏலாது. எங்கள் பக்கம் வீடு மகளுக்கு, வீட்டோடு அம்மாவும். என் அம்மாவோடு அந்த ஒன்பது மாதமும் சின்னம்மா வந்து இருந்தார். உங்களுக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரோ தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். சொந்தக்காரர் சொன்னது உங்கள் கடிதத்தில் இருக்கிறது, அம்மா சொன்னது இல்லை. அவரிடம் கேட்டீர்களா?

கேட்கும்போது எனக்காகவும் ஒன்று கேளுங்கள். என் கொப்பியில் கல்லாற்றுப் பக்கம் இடிக்கிறது. சுனாமிக்கு முந்தின மாரியில் அந்த வாயை வெட்டினார்களா, தானாக உடைந்ததா என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். களுவாஞ்சிக்குடியில் அம்மாவுக்கோ அக்கம்பக்கத்தாருக்கோ ஞாபகம் இருந்தால், எந்தக் கோயில் திருவிழாவுக்கு முந்தி, எதற்குப் பிந்தி என்று சொன்னாலே போதும், திகதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.