கடலையைத் தின்றால் தின்னட்டும்

அன்புள்ள ஐயா,

என் மகன் யு.கே.ஜி. படிக்கிறான். ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சு விடாமல் சொல்வான். ஆனால் ‘ஏழு ஸ்பூன் எடுத்து வா’ என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருகிறான். தின்பண்டத்தை வைத்துச் சொல்லிக்கொடு என்றாள் தோழி. பத்து வேர்க்கடலையைத் தட்டில் பரப்பினேன். எண்ணி முடிப்பதற்குள் மூன்றைத் தின்றுவிட்டான். கோபத்தில் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். நான் செய்தது தவறா?

ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள வாசகிக்கு,

தட்டை எடுத்ததுதான் தவறு. மூன்று வயிற்றுக்குள் போயிற்று, மிச்சம் எத்தனை என்று கேட்டிருக்கலாமே! கழித்தல் கணக்கு தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

நூறு வரை ஒப்பிப்பது பாட்டு மாதிரி. ஒரு பொருளுக்கு ஒரு எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிடிபட நாளாகும். அதற்குப் பந்தி பரிமாறும் வேலையை அவனிடம் விடுங்கள். ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கு இரண்டு இட்லி. ஒரு தட்டு விட்டுப்போனால் நீங்கள் திருத்த வேண்டாம், அந்தத் தட்டுக்காரரே சத்தம் போடுவார்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே இதை முட்டையும் முட்டைக் கிண்ணமுமாக வைத்துப் பார்த்தார். கிண்ணத்துக்கு ஒரு முட்டை இருந்தது. பிறகு முட்டைகளை மட்டும் வெளியே எடுத்து நெருக்கி வைத்ததும், சின்னப் பிள்ளைகள் முட்டை குறைந்துவிட்டது என்றார்கள். நீளமான வரிசைதான் அவர்களுக்கு அதிகம். 1967-இல் மேலர், பீவர் என்ற இருவர் வரிசைகளில் மிட்டாயை வைத்து, வேண்டிய வரிசையை எடுத்துத் தின்னச் சொன்னார்கள். இரண்டு வயதுப் பிள்ளைகள்கூடப் பெரும்பாலும், நீளம் குறைவானாலும் மிட்டாய் கூடுதலாக இருந்த வரிசையைத்தான் எடுத்தார்கள். பியாஜே இதை ஒத்துக்கொள்ளவில்லை, அது தனிச் சண்டை. நாக்கு சம்பந்தப்பட்டால் பிள்ளைகள் கவனமாகிவிடுகிறார்கள் என்ற அளவில் எனக்கு அது போதும்.

எங்கள் வீட்டில் பேத்திகள் இரண்டு பேர். தோசையைப் பிய்த்தால் இரண்டு பேருக்கும் ‘பெரிய பாதி’ வேண்டும். பாதியில் பெரிசு சின்னது ஏது என்று விளக்கி அலுத்துப்போய், பிய்ப்பது ஒருத்தி, முதலில் எடுப்பது மற்றவள் என்று விதி போட்டேன். மூத்தவள் தோசையை நடுவில் மடித்து, ஓரமும் ஓரமும் ஒட்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகப் பிய்த்தாள். மறுநாள் தோசையை இன்னொரு மடிப்பும் மடித்து, ‘தாத்தா, கால்!’ என்றாள். தோசை ஆறி அப்பளமாகிவிட்டது, அது வேறு விஷயம்.

பரணில் பழைய ஆழாக்கும் படியும் கிடந்தால் இறக்கிக் கொடுங்கள். எட்டு ஆழாக்கு அரிசி கொட்டினால் படி நிறையும் என்பதை அவனே கொட்டிப் பார்க்கட்டும். இட்லிக்கு ஊறப்போடும்போது நாலு அரிசிக்கு ஒரு உளுந்து என்று அளந்து போடுவதும் அவன் வேலையாகட்டும். கொஞ்சம் சிந்தும், பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் அவன் சலித்துக்கொண்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம், வீட்டில் அவனைவிடச் சின்னக் குழந்தை இருந்தால் அதன் கைக்கு முழுக் கடலை போகக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிட்டுப் போட்ட இட்லி கொடுங்கள்.